செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் முதலில் எதையும் மாற்றாதீர்கள்

டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட ஆரஞ்சு விளக்கு எரிகிறது. வண்டி வழக்கம்போல ஓடுகிறது, பிக்கப்பும் குறையவில்லை. நம்மில் பாதிப் பேர் அதைக் கண்டுகொள்வதில்லை. மீதிப் பேர் கடைக்குப் போய், ஸ்கேனர் போட்டுப் பார்த்தவர் சொன்ன சென்சாரை வாங்கி மாட்டிவிட்டு, பத்து நாளில் அதே விளக்கு மறுபடி எரிவதைப் பார்த்து நொந்துபோகிறோம். நான் இரண்டையும் செய்திருக்கிறேன்.

ஒரு பங்குனி மாதம் என் பழைய பெட்ரோல் காரில் பி0113 என்ற எண் வந்தது. உள்ளே போகும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சார் சம்பந்தப்பட்டது. கடையில் சென்சார் போய்விட்டது என்றார்கள், மாற்றினேன். மறுநாளே விளக்கு திரும்ப வந்துவிட்டது. அப்புறம் நானே ஒரு மலிவான ஸ்கேனர் வாங்கிப் பார்த்தால், வெளியே வெயில் கொளுத்துகிறது, ஸ்கேனரோ காற்றின் வெப்பம் மைனஸ் 40 டிகிரி என்கிறது. சென்சாருக்குப் போகும் கம்பியை எலி கடித்திருந்தது. புகார் கொடுக்க வந்தவரைப் பிடித்து லாக்கப்பில் போட்ட கதைதான். அந்த எண் சென்சார் கெட்டது என்று சொல்லவே இல்லை. அந்தச் சர்க்யூட்டில் இருக்க வேண்டியதைவிட வோல்டேஜ் அதிகம் என்று மட்டும்தான் சொன்னது.

மெக்கானிக் கடையில் இதைக் ‘கோட்’ என்பார்கள். இங்கே எண் என்றோ குறியீடு என்றோ சொல்கிறேன்.

விளக்கு எப்படி எரிகிறது?

விட்டுவிட்டு மின்னாமல் நிலையாக எரிந்தால், பொதுவாக வீடு போய்ச் சேர்ந்து நிதானமாகப் பார்க்கலாம். மின்னினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் சைலன்சர் பக்கம் போகிறது என்று பொருள். அந்தப் பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேடலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஓரமாக நிறுத்துவதே நல்லது. ‘இன்னும் 40 கிலோமீட்டர்தானே’ என்று ஓட்டிப் போனால், ஒரு காயில் (பிளக்கில் பொறி வர மின்சாரம் தரும் பாகம்) விலையில் முடிந்திருக்க வேண்டிய வேலை பல மடங்காகிவிடும். சிவப்பில் ஆயில் விளக்கோ வெப்ப விளக்கோ சேர்ந்து எரிந்தால் யோசிக்கவே வேண்டாம், உடனே எஞ்சினை அணையுங்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு துணுக்கு: சாவியை ஆன் செய்ததும் இந்த விளக்கு ஒருமுறை எரிந்து, ஸ்டார்ட் ஆனபின் அணைய வேண்டும். ஆன் செய்தபோதே எரியவில்லை என்றால் யாரோ அதன் வாயைக் கட்டியிருக்கலாம்.

என்னென்ன வேண்டும்

ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடல் ஆண்டிலிருந்து இந்த ஓபிடி-2 முறை (வண்டி தன் கோளாறைத் தானே பதிந்து சொல்லும் ஏற்பாடு) எல்லாக் கார்களுக்கும் கட்டாயம். இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து. அதற்கு முந்தைய சில வண்டிகளிலும் அதே சாக்கெட் இருக்கும், ஆனால் கம்பெனி ஸ்கேனரோடு மட்டுமே பேசும்.

சாக்கெட்டில் சொருகும் ஈஎல்எம்327 வகை ப்ளூடூத் அடாப்டர் ஒன்று, மொபைலில் டார்க் அல்லது கார் ஸ்கேனர் போன்ற ஒரு செயலி, இவை இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை அடாப்டரோ ப்ளூடூத் எல்ஈ வகையோ வாங்க வேண்டும். சாதா ப்ளூடூத் அடாப்டர் அதில் சேராது. மிக மலிவான நகல்கள் சில வண்டிகளில் பாதி வேலைதான் செய்யும். வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். அந்தச் சாக்கெட்டுக்கு பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் வந்துகொண்டிருக்கும்; சொருகியபடியே இரண்டு வாரம் ஊருக்குப் போனால் வந்து தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும்.

இதோடு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு டார்ச், ஒரு நோட்டுப் புத்தகம். நோட்டு என்றதும் சிரிக்காதீர்கள், இந்த வேலையில் அதுதான் முக்கியமான கருவி.

முதல் படி: படித்து எழுதுங்கள், அழிக்காதீர்கள்

சாவியை ஆனில் வையுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஸ்கேனரில் வரும் எல்லா எண்களையும் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ‘கன்ஃபர்ம்டு’ பட்டியலிலா ‘பெண்டிங்’ பட்டியலிலா என்றும் குறியுங்கள். பெரும்பாலான கோளாறுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தெரிந்தால்தான் விளக்கு எரியும். ஒருமுறை மட்டும் தெரிந்தது பெண்டிங்கில் காத்திருக்கும்.

அடுத்து ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்று இருப்பதைத் திறங்கள். கோளாறு பதிவான கணத்தில் எஞ்சின் எந்த ஆர்பிஎம்மில் இருந்தது, எவ்வளவு சூடாக இருந்தது, எந்த வேகத்தில் போனது எல்லாம் அதில் இருக்கும். சிக்னலில் நிற்கும்போதா, பாலம் ஏறும்போதா என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அழித்துவிட்டால் இதுவும் போய்விடும். எஞ்சின் கணினி இத்தனை நாள் கற்று வைத்த எரிபொருள் கணக்கும் போகும். ‘அழிச்சுப் பார்ப்போம், திரும்ப வந்தா யோசிப்போம்’ என்ற பழக்கத்தின் விலை இதுதான்.

எண்ணைப் படிக்கும் விதம் எளிது. முதல் எழுத்து எந்தப் பகுதி என்று சொல்லும்: எஞ்சின், கியர்பாக்ஸ் என்றால் பி, சேஸி என்றால் சி, கணினிகளுக்கு இடையிலான பேச்சுவார்த்தை என்றால் யு. ஏர்பேக் முதலான பாடி பகுதிக்கும் ஆங்கிலத்தில் வேறொரு எழுத்து உண்டு, தமிழில் எழுதினால் அதுவும் ‘பி’ ஆகிவிடுகிறது! இந்தக் கட்டுரையில் பி என்றால் எஞ்சின் சம்பந்தப்பட்டது மட்டும். அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான பொருள். 1 என்றால் கம்பெனியின் சொந்த எண், இணையத்தில் வேறு கம்பெனிக்காரர் எழுதிய விளக்கத்தை நம்பி ஏமாறாதீர்கள். மூன்றாவது இடத்தில் 1 வந்தால் காற்றும் எரிபொருளும், 2 வந்தால் இன்ஜெக்டர் பக்கம், 3 வந்தால் பற்றவைப்பு, 4 வந்தால் புகைக் கட்டுப்பாடு.

இரண்டாம் படி: பானெட்டைத் திறந்து சும்மா பாருங்கள்

சம்பந்தமே இல்லாத ஏழெட்டு எண்கள் மொத்தமாக வந்திருந்தால் பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். எஞ்சின் அணைந்து சில மணி நேரம் ஆனபின் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலும் 13.5 முதல் 14.5 வரை இருக்கும். டெர்மினலில் பச்சைப் பூஞ்சணம் போலப் படிந்திருக்கிறதா, எர்த் வயர் பாடியில் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்த ஒரே ஒரு எர்த் போல்ட் பத்து சென்சார்களைப் பொய் சொல்ல வைக்கும்.

பிறகு உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: கடைசியாக இந்த வண்டியில் என்ன வேலை நடந்தது? ஏர் ஃபில்டர் மாற்றியவர் டப்பாவின் கிளிப்பைச் சரியாகப் போடாமல் விட்டிருக்கலாம். எஞ்சினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியிருந்தால் காயில் குழிக்குள் தண்ணீர் நிற்கலாம். எலிப் புழுக்கை, கடித்துப்போட்ட நுரைத் துண்டு, தேங்காய் ஓட்டுத் துணுக்கு தென்பட்டால் வயரிங்கை அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். வண்டிக்குப் பக்கத்தில் தென்னை இருந்தால் இது கட்டாயம்.

சென்சார் எண்: குறைவா, அதிகமா?

என் பி0113 கதைக்குத் திரும்புகிறேன். வெப்பத்தை அளக்கும் சென்சார்கள் பெரும்பாலும் இரண்டு கம்பி கொண்டவை. கணினி 5 வோல்ட் அனுப்பும். சூடு ஏற ஏற சென்சாரின் தடை குறைந்து, அந்த வோல்டேஜும் கீழே இறங்கும். கம்பி அறுந்தால் 5 வோல்ட் அப்படியே நிற்கும். கணினி அதைக் கடுங்குளிர் என்று புரிந்துகொண்டு மைனஸ் 40 காட்டும். இதுதான் ‘ஹை’ என்ற வகை.

சோதனை இரண்டு நிமிட வேலை. சென்சாரின் கப்ளரை, அதாவது கம்பிகள் வந்து சேரும் சொருகியை, கழற்றுங்கள். கப்ளரில் உள்ள இரண்டு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்துவிட்டு ஸ்கேனரைப் பாருங்கள். மைனஸ் 40 சட்டென்று நூறைத் தாண்டி ஏறினால் கம்பியும் கணினியும் சரி, சென்சார்தான் கெட்டது. அப்படியே மைனஸ் 40-இல் நின்றால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது, புது சென்சார் வாங்கிப் பயனில்லை. இதை முன்பே தெரிந்திருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன்.

பி0112 போன்ற ‘லோ’ வகைக்குத் தலைகீழ். கப்ளரைக் கழற்றியதும் மைனஸ் 40-க்குப் போனால் சென்சார் உள்ளே ஷார்ட். போகாவிட்டால் கம்பி எங்கோ பாடியில் உரசுகிறது. எச்சரிக்கை: கம்பியால் இணைக்கும் வேலை இரண்டு கம்பி வெப்ப சென்சாருக்கு மட்டும். மூன்று கம்பி சென்சாரில் செய்தால் 5 வோல்ட் சப்ளையை எர்த்தில் போட்டதாகிவிடும்.

மிஸ்ஃபயர்: பி0300 முதல் பி0304 வரை

ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவதுதான் மிஸ்ஃபயர். வீட்டிலேயே சரியாகக் கண்டுபிடிக்கக்கூடிய கோளாறு இதுதான். கடைசி இலக்கம் சிலிண்டரைச் சொல்லும். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர். பெரும்பாலான வண்டிகளில் பெல்ட் அல்லது செயின் இருக்கும் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். சந்தேகம் இருந்தால் சர்வீஸ் கையேட்டைப் பாருங்கள். (மூன்று சிலிண்டர் எஞ்சின் ஐடிலிங்கில் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். ஆட்டத்தை மட்டும் வைத்து மிஸ்ஃபயர் என்று முடிவுகட்ட வேண்டாம்.)

ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனித்தனிக் காயில் இருக்கும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஆறட்டும், சாவியை எடுத்துவிடுங்கள். இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடுங்கள், மூன்றாவதை இரண்டாவதில். கப்ளரின் பூட்டு வருடக்கணக்கில் சூட்டில் இருந்து மொறுமொறுப்பாகியிருக்கும், பிடித்து இழுத்தால் உடையும். அழுத்தித் தளர்த்திவிட்டு எடுங்கள். எண்ணை ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதால் இப்போது அழிக்கலாம். விளக்கு மின்னினால் உடனே நிறுத்திவிடுவது என்ற உறுதியோடு பக்கத்துத் தெருவில் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். பி0303 வந்தால் கோளாறு காயிலோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது, குற்றவாளி கையும் களவுமாக மாட்டிக்கொண்டது. பி0302 என்றே நின்றால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை அதேபோல இடம் மாற்றுங்கள்.

பிளக்கைக் கழற்றும்போதே அது நிறையச் சொல்லும். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. பெட்ரோல் வாடையோடு ஈரமாக வந்தால் பொறி வரவில்லை. பிளக் குழியிலேயே எண்ணெய் தேங்கி நின்றால் மேல்மூடியின் கேஸ்கெட் கசிகிறது; அதைச் சரிசெய்யாமல் காயிலை மட்டும் மாற்றினால் புதுக் காயிலும் கெடும். திரும்ப மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையால் போடுங்கள். அலுமினிய ஹெட்டில் மரை போனால் அழுவதைத் தவிர வழியில்லை.

பிளக்கும் சரி என்றால் இன்ஜெக்டர். எஞ்சின் ஓடும்போது நீளமான ஸ்க்ரூடிரைவரை இன்ஜெக்டரில் ஊன்றிப் பிடியில் காதை வைத்தால் ‘டிக் டிக்’ கேட்கும். பக்கத்துச் சிலிண்டரோடு ஒப்பிடுங்கள். பெல்ட்டும் ஃபேனும் சுற்றுகின்றன, சட்டைக் கையை மடித்துவிடுங்கள். சாதாரண பெட்ரோல் இன்ஜெக்டர் பெரும்பாலும் 11 முதல் 16 ஓம் வரை காட்டும். நான்கில் ஒன்று மட்டும் தனித்து நின்றால் அதைச் சந்தேகிக்கலாம். அதுவும் சரியென்றால் மிஞ்சியிருப்பது கம்ப்ரஷன். அதைக் கடையில் பார்க்கச் சொல்லுங்கள்.

பி0300 மட்டும் வந்தால், அல்லது எல்லாச் சிலிண்டரும் சேர்ந்து புகார் சொன்னால், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும்: பெட்ரோல் பிரஷர், காற்றுக் கசிவு, மழைக்காலத்தில் பெட்ரோலில் கலந்த தண்ணீர்.

எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு காயிலாகப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வித்தை வேண்டாம். ஷாக் அடிக்கும், கன்வெர்ட்டரும் வீணாகும்.

பி0171: காற்று கூடியதா, பெட்ரோல் குறைந்ததா?

‘லீன்’ என்று வரும் இந்த எண்ணுக்காக ஆக்சிஜன் சென்சார்கள் வீணாக மாற்றப்படுவது சர்வசாதாரணம். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். சைலன்சர் குழாயில் ஆக்சிஜன் மிச்சம் இருப்பதைச் சென்சார் சொன்னால், கணினி பெட்ரோலைக் கூட்டுகிறது. எத்தனை விழுக்காடு கூட்டியது என்பதுதான் ‘ஃப்யூயல் ட்ரிம்’. ஷார்ட், லாங் என்று இரண்டு இருக்கும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 10 வரை ஏறி இறங்குவது சகஜம். 25-ஐ ஒட்டிப் போனால் கணினி கைவிட்டு விளக்கைப் போடும். பழைய வண்டியில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் போடும்போது சில புள்ளிகள் மேலே நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் உண்டு.

எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஐடிலிங்கில் கூட்டுத்தொகையைக் குறியுங்கள். பிறகு 2,500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் பிடித்து மறுபடி குறியுங்கள். ஐடிலிங்கில் 25, மேலே போனதும் 5 என்றால் காற்றுக் கசிவு. எஞ்சின் குறைவாக மூச்சு வாங்கும்போது சிறு ஓட்டைகூடப் பெரிய பங்கு. நிறைய வாங்கும்போது அது ஒரு பொருட்டே இல்லை. இதற்கு மாறாக ஐடிலிங்கில் நன்றாக இருந்து மேட்டில் ஏறும்போது கூடினால் பெட்ரோல் போதவில்லை: அடைத்த ஃபில்டர், சோர்ந்த பம்ப், இல்லையென்றால் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரில் தூசு. அந்தச் சென்சார் இல்லாமல் மேனிஃபோல்டு பிரஷரை அளந்து ஓடும் வண்டிகளில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே கசிவு பெரும்பாலும் ஐடிலிங் ஏறி நிற்பதாகவே தெரியும்.

கசிவைத் தேட, முதலில் காது. ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் எங்கிருந்து வருகிறது? பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி வால்வின் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே இழுக்கும் வால்வு) ஹோஸ், காற்று உள்ளே போகும் ரப்பர் குழாயான இன்டேக் பெல்லோஸின் மடிப்புகள் ஆகியவற்றை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு மடிப்புக்குள்தான் ஒளிந்திருக்கும். மெல்லிய ஹோஸை, துணி சுற்றிய குறட்டால் லேசாக நசுக்கிக்கொண்டு ட்ரிம்மைப் பாருங்கள். சடசடவென்று இறங்கினால் கசிவு அந்த ஹோஸ் போகும் வழியில். ஓடும் எஞ்சினில் கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்துப் பார்க்கும் முறையைப் பலர் சொல்வார்கள். சூடான மேனிஃபோல்டு மேல் தீப்பற்றும் திரவத்தை அடிக்க எனக்குத் தைரியம் இல்லை. கசிவு அகப்படாவிட்டால் புகை விட்டுப் பார்க்கும் இயந்திரம் உள்ள கடைக்குப் போய்விடுங்கள்.

மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரைக் கழுவ அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரே மட்டும். விரலோ துணியோ படக்கூடாது, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள்.

மற்ற சில எண்கள்

பி0420 வந்தால் கன்வெர்ட்டரின் திறன் குறைந்திருக்கிறது என்கிறது கணினி. உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் அதன் விலை கண்ணைக் கட்டும். எனவே முதலில் சைலன்சர் குழாய் இணைப்பில் கசிவு, மிஸ்ஃபயர், ஆயில் குடிக்கும் பழக்கம் மூன்றையும் பாருங்கள். கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள சாதா வகை ஆக்சிஜன் சென்சார், சூடான எஞ்சினில் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்க வேண்டும். அது 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் தாவினால் புகார் உண்மைதான்.

எஞ்சின் போதிய சூட்டுக்கு வரவில்லை என்று சொல்லும் பி0128 நம் ஊருக்கே உரிய வேடிக்கை. ‘இந்த வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு’ என்று கழற்றி எறிந்திருப்பார்கள். எஞ்சின் சரியான சூட்டுக்கே வராமல் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், மைலேஜ் விழும். புது தெர்மோஸ்டாட் போட்டால் தீர்ந்தது. பி0335 வந்து, வண்டி சூடானதும் நின்று, ஆறியதும் ஒன்றும் தெரியாததுபோல ஸ்டார்ட் ஆனால், எஞ்சின் சுழல்வதைக் கவனிக்கும் கிராங்க் சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள்.

டீசல்காரர்கள் எண்ணைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பி0087 என்று பிரஷர் குறைவு காட்டினால் டீசல் ஃபில்டரை மாற்றிப் பார்க்கலாம், ஆனால் இன்ஜெக்டர் குழாயை ஓடும்போது தளர்த்தாதீர்கள். 1,600 பாருக்கு மேலும் போகும் அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். ஏர்பேக் எண்களையும், ஹைப்ரிட் வண்டியின் ஆரஞ்சு நிறக் கேபிள்களையும் தொடவே வேண்டாம்.

கடைசிப் படி: உண்மையில் தீர்ந்ததா?

வேலை முடிந்ததும் எண்ணை அழித்துவிட்டு, ஃப்ரீஸ் ஃப்ரேமில் எழுதி வைத்த அதே சூழலில் ஓட்டுங்கள். பாலம் ஏறும்போது வந்தது என்றால் பாலம் ஏறுங்கள். வந்ததும் பெண்டிங் பட்டியலைத் திறங்கள். விளக்கு எரிவதற்கு முன்பே அங்கே தெரிந்துவிடும். நீங்கள் அழிக்காவிட்டாலும், கோளாறு இல்லாமல் மூன்று ஓட்டம் முடிந்தால் விளக்கு தானே அணையும். 40 முறை எஞ்சின் சூடாகி ஆறியபின் எண்ணும் மறையும்.

கடைக்குக் கொண்டுபோகும் நாளில் அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். ‘சென்சார் மாத்தணும்’ என்று சொன்னால், ‘எந்தச் சோதனையில தெரிஞ்சுதுண்ணே?’ என்று பணிவாகவே கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார், மீட்டரை எடுத்துக் காட்டுவார். மாற்றிய பழைய பாகத்தை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என் அலமாரியில் அந்த வெப்ப சென்சார் இன்னும் கிடக்கிறது, நன்றாக வேலை செய்யும் நிலையில்.